பவளத்தின் ஐந்து சுதந்திரங்கள்

பத்மகுமார் திண்டிவனத்துக்குப் போனது மாட்டுக் காலுக்கு மருந்து கேட்கத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதற்கு மேல் நடந்த எதிலும் அவர் கேட்ட மருந்து வரப்போவதில்லை.

செஞ்சிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அங்கே எத்தனையோ தலைமுறையாக இருக்கிற சமண நயினார் குடும்பம் அவருடையது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போட்டு எடுக்கிற கொஞ்சம் நிலம், மனைவி சந்திரவதி, பவளம் என்று ஒரு செவலைப் பசு. பவளத்துக்குப் பால் நின்று வருஷக்கணக்காகிறது. அந்த வீட்டில் மாட்டை விற்கிற வழக்கம் இல்லை. கறக்கும்வரை கறக்கும், கறக்காவிட்டால் சும்மா இருக்கும், காலம் வந்தால் அந்தக் கொட்டகையிலேயே கண்ணை மூடும். இப்போது அதற்கு முன்னங்கால் குளம்பில் ஒரு புண். காலை ஊன்ற முடியாமல் மூன்று காலில் நின்றது.

முன்பெல்லாம் போன் போட்டால் டாக்டர் பைக்கில் வந்துவிடுவார். இந்த வருஷம் அப்படி இல்லை. ‘வட்டாரக் கால்நடை நலன் உறுதி மையம்’ என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில். படி செங்குத்து. மாடு ஏற முடியாத இடத்தில் மாட்டாபீஸ் ஏன் என்று பத்மகுமார் யோசிக்கவில்லை. மாடு வரக்கூடாது என்றுதான் மாடியில் வைத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. மாடு வந்தால் வேலை கெடுமாம்.

நலன் உறுதி அலுவலர் பெயர் அறிவுச்செல்வன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். டாக்டர் கட்டாயம் வருவார் என்றார். ஆனால் நலச்சான்று பெற்ற மாட்டைத்தான் தொடுவார் என்றார்.

“நலமா இருந்தா டாக்டர் எதுக்குங்க?” என்று கேட்டார் பத்மகுமார்.

“அங்கதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சிக்கிறாங்க. நலமில்லாத மாட்டுக்கு வைத்தியம் பண்ணா, இந்த வட்டாரத்துல நலமில்லாத மாடு இருக்குன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது. அப்புறம் இந்த மையம் எதுக்கு?”

ஊர் திரும்புகிற பஸ்ஸில் பத்மகுமார் இதை யோசித்துக்கொண்டே வந்தார். படித்தவர் சொன்னதில் பிழை இருக்காது, தன் மண்டைக்குத்தான் எட்டவில்லை என்று முடிவு செய்துகொண்டு இறங்கினார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் குமரேசனுக்கு உடனே எட்டிவிட்டது. “நயினாரே, ஆய்வுக்கு வர்றவங்க எதைக் கேட்டாலும் ஆமா ஆமான்னு சொல்லிக்கினு இருங்க. உண்மையைக் கிண்மையைச் சொன்னீங்கன்னா பேஜாராயிடும்.”

சந்திரவதி உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். “அந்தப் பொய்யெல்லாம் எங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் மெத்தை வீடு கட்டியிருப்போம், குமரேசா.”

ஜீப்பில் வந்தார்கள். அறிவுச்செல்வன், கையில் டேப்லெட்டோடு அருணா என்ற பதிவு உதவியாளர், ஒரு போட்டோகிராபர், ஒரு பேனர். டாக்டர் வரவில்லை. பேனர் கட்டுவதற்குக் கொட்டகைக் கம்பங்கள்தான் வாகாக இருந்தன. கட்டி முடித்ததும் பவளத்துக்கு வந்துகொண்டிருந்த காற்று நின்றது. காற்றோட்டம் போதாது என்று அருணா குறித்துக்கொண்டாள்.

அடுத்தது வாசிப்பு. பண்ணை விலங்குக்கு ஐந்து சுதந்திரங்கள் உண்டு, அவற்றை விலங்கின் முன்னிலையிலேயே வாசிக்க வேண்டும் என்பது மையத்தின் நடைமுறை. அறிவுச்செல்வன் பவளத்துக்கு எதிரில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பசி தாகத்திலிருந்து சுதந்திரம். அசௌகரியத்திலிருந்து சுதந்திரம். வலி, காயம், நோயிலிருந்து சுதந்திரம். இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம். இந்த நாலாவதை வாசிக்கும்போது பவளம் வாலைத் தூக்கி மூத்திரம் பெய்தது. அது ஓடிவந்து அலுவலரின் ஷூவை நனைத்தது. ‘அலுவலர் முன்னிலையில் ஒழுங்கீனம்’ என்று பதிவானது. அச்சம், மனவேதனையிலிருந்து சுதந்திரம் என்ற ஐந்தாவதை அவர் கொஞ்சம் தள்ளி நின்று, உரக்க வாசித்தார். பவளம் மிரண்டது.

மாடு எதற்கு வளர்க்கப்படுகிறது என்று அருணா கேட்டாள். பாலுக்கா? இல்லை. உழவுக்கா? இல்லை. கன்றுக்கா? இல்லை. விற்பனைக்கா? ஐயோ, இல்லை.

“அப்ப எதுக்குத்தான் இருக்குது?”

“இருக்குதுங்க” என்றார் பத்மகுமார்.

சும்மா இருக்கிற மாட்டை டேப்லெட் ஏற்கவில்லை. சிவப்பாக எரிந்தது. எதையாவது போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். கடைசியில் அறிவுச்செல்வன் தூரத்தில் தெரிகிற செஞ்சி மலையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், ‘சுற்றுலா’ என்று போடச் சொன்னார். டேப்லெட் பச்சையானது. பச்சையான கையோடு, சுற்றுலாக் கால்நடை வைத்திருப்பவர் செய்ய வேண்டியதையும் காட்டியது. வண்டி நிறுத்துமிடம் வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும். கழிப்பறை எந்தப் பக்கம் என்று மாட்டின் அருகே அம்புக்குறி போட்ட பலகை வேண்டும். பத்மகுமார் வீட்டிலேயே அப்போது ஒரு கழிப்பறைதான், அதற்கும் கதவு ஒழுங்காகச் சாத்தாது.

தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார்கள். தொட்டி மேல் துணி கட்டியிருந்தது. சந்திரவதி வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டுகிறபோது மாட்டுக்கும் வடிகட்டுவாள். அப்படி எதை வடிகட்டுகிறாய் அம்மா என்று கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் இருக்கும், அதுகள் வயிற்றுக்குள் போய்ச் சாகக்கூடாது, துணியைத் திருப்பி அலசி அதுகளைக் கிணற்றிலேயே விட்டுவிடுவோம் என்று அவள் பெருமையாகவே சொன்னாள். ‘குடிநீரில் உயிரிகள் இருப்பதை உரிமையாளர் ஒப்புக்கொண்டார். பிரித்தெடுத்த உயிரிகளைக் குடிநீர்க் கிணற்றில் விடுவதையும் ஒப்புக்கொண்டார்.’

உண்ணி பொறுக்குவாயா என்று கேட்டார்கள். தினமும் பொறுக்குவேன் என்றாள். பொறுக்கி? வேலியோரப் புதரில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றாள். கொல்வதில்லையா என்று அருணா கேட்டாள். அதுகளை எதற்குக் கொல்ல வேண்டும் என்று சந்திரவதி உண்மையிலேயே தெரியாமல் திருப்பிக் கேட்டாள். ‘அனுமதியின்றி உண்ணி பராமரிப்பு’ என்று பதிவானது.

ராத்திரித் தீவனம் என்ன என்ற கேள்வி வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த குமரேசன் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் ஜாடை காட்டினார். சந்திரவதி அதைப் பார்க்கவும் பார்த்தாள்.

“பொழுது சாஞ்சா எதுவும் வைக்கறதில்லைங்க. நாங்களும் சாப்பிடறதில்லை. மல்லாட்டைக் கொடியெல்லாம் பொழுதோட வயிறு ரொம்பப் போட்டுடுவோம்.”

“இரவு முழுதும் பட்டினி” என்று அருணா பக்கம் திரும்பிச் சொன்னார் அறிவுச்செல்வன். பிறகு குரலைத் தாழ்த்தி, மனவருத்தத்தோடு: “உங்க மதம் உங்களுக்கு, நான் தலையிடலை. மாட்டை ஏம்மா அதுல சேத்தீங்க? அதுக்கு மத சுதந்திரம் இல்லையா?”

கடைசியாகக் காலைப் பார்த்தார்கள். புண் எல்லோருக்கும் தெரிந்தது. போட்டோகிராபர் பல கோணத்தில் எடுத்தார். வலியிலிருந்து சுதந்திரம் மீறப்பட்டுள்ளது, பொறுப்பு உரிமையாளர் என்று எழுதினார்கள்.

“அதுக்குத்தாங்க டாக்டரைக் கேட்டேன்.”

“புண் ஆறட்டும் ஐயா. ஆறினதும் சான்று, சான்று வந்ததும் டாக்டர். வரிசையைக் கலைக்காதீங்க.”

பேனரை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். காற்று வந்தது.

சான்று தவறியவர்கள் விழுப்புரத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். பத்மகுமார் போனார். ஒரு கல்யாண மண்டபம், வாசலில் அட்டையில் வெட்டி நிறுத்திய மாடு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர்கள், ஓமந்தூர்க் கோழிக்காரர்கள் என்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் வீட்டில் ஒரு உயிர் நோவோடு படுத்திருந்தது. அதனால்தான் வந்திருந்தார்கள். மாட்டை எப்படி அணுகுவது என்று பயிற்சி நடந்தது. ஒவ்வொருவராக அட்டை மாட்டின் அருகே போய்ப் புன்னகை செய்ய வேண்டும். பத்மகுமாருக்குப் புன்னகை போதவில்லை என்று மறுபடி போகச் சொன்னார்கள். நாற்பது வருஷமாக மாட்டுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர், அட்டையைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல் பல்லைக் காட்டினார். தேறிவிட்டார் என்றார்கள்.

மத்தியானம், ‘ஆடும் நம்மைப் போல் உணரும் உயிரே’ என்ற உரை முடிந்த கையோடு சாப்பாடு போட்டார்கள். ஆட்டுக்கறி பிரியாணி. சைவம் கேட்டதற்குத் தயிர்சாதம் இருந்ததாகவும், உரையாற்றியவர் வயிறு சரியில்லை என்று அதை எடுத்துக்கொண்டதாகவும் தெரிந்தது. பத்மகுமார் வெளியே வந்து பம்ப்பில் தண்ணீரைத் துண்டில் பிடித்து, வடித்துக் குடித்தார்.

அவர் வீடு திரும்பியபோது பவளத்தின் காலில் புழு வைத்துவிட்டிருந்தது.

சந்திரவதி காலருகே உட்கார்ந்திருந்தாள். புண்ணுக்குள் வெள்ளையாக நெளிந்தது. பவளம் அவள் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு மூச்சு விட்டது. குமரேசன் சீத்தா இலையை அரைத்து ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுவந்திருந்தார். எந்த வீட்டிலும் செய்வதுதான், வைத்துக் கட்டினால் புழு செத்து விழும். ஆனால் இந்த வீட்டில் எறும்பைக் கூடத் தாண்டித்தான் நடப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். அதனால் கொட்டாங்கச்சியை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். பத்மகுமாரால் வை என்று சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

“குடு, குமரேசா” என்றாள் சந்திரவதி. “நீ வெச்சா உனக்கொண்ணும் இல்லை. ஆனா எங்க மாட்டுக்கு நீ எதுக்குச் செய்யணும். நானே வெக்கறேன். இந்தப் பாவம் என்னோட இருக்கட்டும்.”

தன் கையாலேயே வைத்துக் கட்டினாள். கட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. சும்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்று பத்மகுமாரும் கூப்பிடவில்லை.

புழு உதிர்ந்தது. புண் காய ஆரம்பித்தது. ஒரு காலையில் பவளம் அந்தக் காலைத் தரையில் வைத்துப் பார்த்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. சந்திரவதி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே மறு ஆய்வு வந்தது.

புண் ஆறிக்கொண்டு வருவதை அறிவுச்செல்வன் குனிந்து பார்த்தார். அவர் முகம் கறுத்தது. யார் ஆற்றியது என்று கேட்டார். சந்திரவதி தான்தான் என்றாள். எப்படி என்று கேட்டார். அதையும் சொன்னாள். பொய் சொல்லியிருக்கலாம், தானாக ஆறிவிட்டது என்று ஒரு வார்த்தை. குமரேசன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார்.

“சான்று இல்லாத மாட்டுக்கு, உரிமம் இல்லாத ஆள், அங்கீகாரம் இல்லாத மருந்து” என்றார் அறிவுச்செல்வன். “போன தடவை உண்ணியைக் காப்பாத்தினதா சொன்னீங்க. இந்தத் தடவை புழுவைக் கொன்னிருக்கீங்க. உங்ககிட்ட ஒரு கொள்கை இல்லையேம்மா.”

“ஆறிடுச்சுங்களே, ஐயா” என்றார் பத்மகுமார்.

“அதான் கவலையா இருக்குது. ஆறாம இருந்திருந்தா எச்சரிக்கையோட விட்டிருப்பேன். இதைப் பாத்துட்டு ஊர்ல அவங்கவங்களே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சா, மாட்டோட நலனுக்கு யாரு பொறுப்பு?”

பவளத்தை ‘நலன் மீட்பு மைய’த்துக்கு எடுத்துப் போவதென்று முடிவாயிற்று. விழுப்புரத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே டாக்டர் இருக்கிறார் என்றார்கள். பத்மகுமாருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. டாக்டரா, அப்படியானால் நல்லதுதான் என்று அவரே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். பவளத்துக்கு லாரி ஏறிப் பழக்கமில்லை. வாலை முறுக்கி, பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். கட்டு அவிழ்ந்து புண்ணிலிருந்து ரத்தம் வந்தது. அருணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, டேப்லெட்டைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பிறகு பத்மகுமார் விழுப்புரத்துக்கு அலைந்ததைச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மீட்பு மையத்தின் கேட்டோடு திருப்பி அனுப்பினார்கள். பழைய உரிமையாளரைப் பார்த்தால் மாட்டுக்கு ஏக்கம் வரும், ஏக்கம் ஐந்தாவது சுதந்திரத்துக்கு விரோதம் என்று காவலாளி மனப்பாடமாகச் சொன்னார். ஒரு தடவை மதில் ஓரமாக நின்று ‘பவளம்’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து பல மாடுகள் கத்தின. சத்தம் போட்டு விலங்குகளைக் கிளப்பியதற்காக அவரை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

அதற்கப்புறம் வந்தது அழைப்பு. கால்நடை நலன் வார விழா, விழுப்புரம், அதே மண்டபம். முன்மாதிரி உரிமையாளர் என்று பத்மகுமாருக்குப் பாராட்டு. குடும்பத்தோடு வரவும் என்றிருந்தது. அங்கே போனால் பவளத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று சந்திரவதி நினைத்தாள். நடத்திக்கொண்டு வர புதுக் கயிறு ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அறிவுச்செல்வன் நன்றாகப் பேசினார். “பாசம், பாசம்னு சொல்லி மாட்டைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கறதுதான் மாட்டு நலனுக்கு முதல் எதிரி. மாடு பாசத்தைக் கேக்கலை. தரத்தைக் கேக்குது. இந்த வருஷத் தொடக்கத்துல நம்ம வட்டாரத்துல காயம் பட்ட மாடு, கிழ மாடு, நொண்டி மாடு எத்தனையோ இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணு இல்லை. ஒண்ணே ஒண்ணு கூட இல்லை. இதை நாங்க மருந்து இல்லாம, ஊசி இல்லாம, ஒரு டாக்டரைக் கூடத் தொந்தரவு பண்ணாம சாதிச்சிருக்கோம்.”

கை தட்டினார்கள். தானாக முன்வந்து மாட்டை ஒப்படைத்த பெரியவர் என்று பத்மகுமாரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய கொட்டகை இப்போது எல்லா அளவுகோலிலும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது என்றும் அறிவித்தார்கள். சாணம் இல்லை, ஈ இல்லை, உண்ணி இல்லை.

சால்வை போர்த்தும்போது பத்மகுமார் தாழ்ந்த குரலில் கேட்டார். “ஐயா, பவளம் எங்கங்க?”

“யாரு பவளம்?” போட்டோவுக்குப் பார்த்துக்கொண்டே கேட்டார் அறிவுச்செல்வன். “ஓ, அந்தச் சுற்றுலா மாடா? அது போன வாரமே கைமாறிடுச்சே. மையத்துல நெரிசல். நெரிசல் ரெண்டாவது சுதந்திரத்துக்கு ஆகாது. பாலக்காட்டுப் பக்கம் லாரி போச்சு, அதுல.”

“விக்கற மாடு இல்லைன்னு சொன்னனேங்க.”

“யாரு ஐயா வித்தா? கைமாத்தினோம். முறைப்படி.”

பாலக்காட்டுப் பக்கம் லாரியில் போகிற கிழ மாடு எதற்குப் போகிறது என்று பத்மகுமாருக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“போறப்போ அது காதுல யாராவது எதனா சொன்னாங்களா?”

“காதுல டேக் அடிச்சிருக்கோம்” என்றார் அறிவுச்செல்வன். “எல்லா விவரமும் அதுலயே இருக்கு.”

ஐயா ரெண்டு வார்த்தை பேசுவார் என்று சொல்லி அருணா மைக்கை அவர் கையில் கொடுத்தாள். அவர்கள் வீட்டில், போகிற உயிர் மனிதனோ மாடோ, அதன் காதோரமாக வாயை வைத்து, பிராகிருதத்தில் ஐந்து வணக்கங்களாக உள்ள பஞ்ச மந்திரத்தைச் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்பார்கள். பவளத்துக்கு யாரும் சொல்லவில்லை. பத்மகுமார் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோய், கண்ணை மூடி, அதைச் சொன்னார். நிதானமாக, ஒவ்வொரு வணக்கமாக, ஐந்தையும் சொன்னார். ஸ்பீக்கர் வழியாக அது மண்டபம் முழுக்கக் கேட்டது, வெளியே ரோட்டிலும் கேட்டது.

என்ன மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதோ இறைவணக்கம் என்று நினைத்து முதல் வரிசை எழுந்தது. அதைப் பார்த்து மண்டபமே எழுந்தது. அறிவுச்செல்வன் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அது முடிகிறவரை அசையாமல் நின்றார்.

சந்திரவதி மட்டும் எழுந்திருக்கவில்லை. சால்வை போர்த்தும்போது மேடையில் அவர்கள் பேசிக்கொண்டது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. இது கேட்டது. முதல் வணக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து இறங்கி, நின்றுகொண்டிருந்தவர்களின் கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

விழா அறிக்கையில் கடைசி வரி இப்படி இருக்கிறது: ‘பயனாளி நன்றியுரை வழங்கினார். மொழி விளங்கவில்லை எனினும் அவர் மனநிறைவு அனைவராலும் உணரப்பட்டது.’